என் சீட்டு கிழிஞ்ச கதை!

இதை உக்காந்துதானே படிக்கிறீங்க? அப்போ ஒரு நிமிஷம் உங்க கவனத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. கேன்டீன் பெஞ்ச்சோ, பஸ் சீட்டோ, ஹாஸ்டல் மாடிப்படியோ... அது மேல உங்களைத் தாங்கிட்டு இருக்கிறது எதுன்னு நினைக்கிறீங்க? சதைன்னு சொன்னா ஃபெயில். இடுப்பு எலும்போட அடியில, ரெண்டு பக்கமும் தலைகீழா நிக்கிற முட்டை மாதிரி ரெண்டு முனை இருக்கு. நிமிர்ந்து உக்காந்தா உங்க பாரத்துல பெரும்பகுதியைத் தாங்குறது அந்த ரெண்டும்தான். ரெண்டு உள்ளங்கையையும் அடியில வெச்சுப் பாருங்க, டக்குனு தட்டுப்படும். (க்ளாஸ்ல இருந்தா வேண்டாம்.)

இருபது வருஷமா அது மேலதான் உக்காந்துட்டு இருக்கேன். அது இருக்குங்கிறதே போன பூஜை லீவுலதான் எனக்குத் தெரிஞ்சுது. சொல்லிக்கொடுத்தது எங்க காலேஜ் இல்லை. திருச்சி பைபாஸ்!

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். மெக்கானிக்கல் மூணாவது வருஷம். எங்க ஏரியா எப்படின்னா, காலையில தெருவுல பாவு நீட்டியிருந்தாங்கன்னா வண்டியை ஆஃப் பண்ணிட்டு ஓரமா உருட்டிட்டுத்தான் போகணும். எவ்வளவு பெரிய ரேஸரா இருந்தாலும்! பட்டு நூல்ல சைலன்ஸர் புகை பட்டா என்ன நடக்கும்னு சின்ன வயசுலயே எங்களுக்குத் தெரியும்... திட்டு நம்ம தாத்தா வரைக்கும் போகும். வீட்டுக்கு வீடு தறி. எங்க வீட்லயும் ஒண்ணு. அப்பா நெய்வார், அம்மா பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா போடுவாங்க. கோர்வைப் புடவையில உடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர் இல்லையா... அதுக்கு இன்னொரு ஆள் கட்டாயம் வேணும். புடவை நெய்யறவர்னு அப்பா பேரைத்தான் எல்லாரும் சொல்வாங்க. அது வேற கதை, கடைசியில வர்றேன்.

வண்டி? அப்பாவோட ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். 2008 மாடல். 15 வருஷம் முடிஞ்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மறுபதிவும் செஞ்சாச்சு. இந்த வண்டியில ஒரு லாங் ரைடு போயே தீரணும்னு எனக்கும் என் நண்பனுக்கும் வெறி. (அவன் பேர் வேண்டாம், அவங்க வீட்லயும் இந்தப் பத்திரிகை வாங்குறாங்க.) இலக்கு... தனுஷ்கோடி! 1964 புயல்ல அழிஞ்ச ஊரைத் தாண்டி, அரிச்சல்முனை வரைக்கும் 2017-ல தார் ரோடு போட்டுட்டாங்க. முன்னாடி மணல்ல வேன் பிடிச்சுத்தான் போகணும், இப்போ பைக் நேரா முனைக்கே போகும். எங்க ஊர்ல இருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. 'ஒரே நாள்ல அடிச்சிரலாம் மச்சி'னு அவன் சொன்னான். மச்சிங்க சொல்றதை எப்பவுமே நம்பக் கூடாது.

டூர் போறவன் எல்லாம் சீட் குஷன் வாங்குறானேன்னு ஆன்லைன்ல ஒரு ஜெல் பேட் வாங்கினேன், 1,450 ரூபாய். கையால அமுக்கினா அல்வா மாதிரி உள்ளே போச்சு. அப்படியே சொக்கிப்போயிட்டேன்.

காலையில நாலரை மணிக்குக் கிளம்பினோம். செவிலிமேடு பாலாத்துப் பாலம், வந்தவாசி, திண்டிவனம்... சொர்க்கம் பாஸ்! திண்டிவனத்துல டிபன் சாப்பிட வண்டியை வெயில்ல நிறுத்திட்டுப் போனதுதான் முதல் தப்பு. திரும்பி வந்து உக்காந்தேன் பாருங்க... ஜெல் இல்லை அது, தோசைக்கல்! ஜெல் சூட்டை நல்லா உள்ளே வாங்கி வெச்சுக்கும், சீக்கிரத்துல விடாது. குளிர் தேசத்துக்காரங்களுக்கு அது வரம். நமக்கு, நிழல் கிடைக்காத ஊர்ல, கறுப்பு கவர் போட்டு வித்தா..?

விழுப்புரம் தாண்டினதும் லேசா ஒரு மதமதப்பு. உளுந்தூர்பேட்டையில ஃபுட்ரெஸ்ட் மேல எழுந்து நின்னு ஓட்டினேன். பெரம்பலூர்ல ஒருக்களிச்சு ஓட்டினேன், ஒரு லாரிக்காரர் ஹாரன் அடிச்சுச் சிரிச்சுட்டுப் போனார். திருச்சி வந்தப்போ வலிக்கவே இல்லை. நல்லதுன்னு நினைக்காதீங்க, மரத்துப்போச்சு! ஓட்டல்ல நின்னுக்கிட்டே பரோட்டா சாப்பிட்டேன். 'உக்காருங்க தம்பி, இடம் இருக்குல்ல'ன்னு சர்வர் அண்ணன் மூணு தடவை சொன்னார். அவர்கிட்ட என்னன்னு விளக்குறது? அன்னிக்கு ராத்திரி நண்பனோட சித்தி வீட்ல குப்புறப் படுத்துத் தூங்கிட்டு, மறுநாள் பன்னெண்டு மணி நேரத்துல, இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி இறங்கி, ஊர் வந்து சேர்ந்தோம். தனுஷ்கோடிக்குப் பாதி தூரத்துல என் சீட்டு கிழிஞ்சுபோச்சு!

ஊருக்கு வந்ததும் இன்ஜினீயர் மூளை முழிச்சுக்கிச்சு. ஒரு கணக்கு போட்டேன், நீங்களும் போட்டுப் பாருங்க. என் எடை 62 கிலோ. கையும் காலும் கொஞ்சம் தாங்குது, மீதி 45 கிலோ சீட் மேலன்னு வெச்சுக்குவோம். அது ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துல, அதாவது ஒரு 300 சதுர சென்டிமீட்டர்ல இறங்குதுன்னா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம். டாக்டர்ஸ் பிரஷர் அளக்கிற பாதரசக் கணக்குல சுமார் 110 மில்லிமீட்டர். தோலுக்கு ரத்தம் கொண்டு போற ரொம்ப நுண்ணிய குழாய்களை அமுக்கி மூட, பாடப் புத்தகங்கள்ல வழக்கமா சொல்ற கணக்கு சுமார் 32. இப்போ புரியுதா, ஏன் மரத்துப்போச்சுன்னு? படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குப் புண் வர்றதும் இதே கணக்குலதான். பாரம் இறங்குற இடத்தை 450 சதுர சென்டிமீட்டராக்கினா 110-ங்கிறது 73 ஆகும். நல்ல சீட்டுன்னா வேற ஒண்ணுமில்லை பாஸ், பாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிற சீட்டு. 32-க்குக் கீழே எந்த சீட்டாலயும் வராது. அதனால உலகத்துலயே சிறந்த சீட்டா இருந்தாலும், நடுநடுவுல எந்திரிச்சே ஆகணும்.

மெத்து மெத்துனு இருக்கிற சீட் ஏன் ஏமாத்துதுன்னா... கடையில ரெண்டு நிமிஷம் உக்காந்து பார்க்கிறப்போ ஃபோம் இன்னும் அமுங்கி முடிஞ்சிருக்காது. அரை மணி நேரத்துல எலும்பு முனை ஃபோமைத் துளைச்சுட்டு அடிப்பலகை வரைக்கும் போயிடும். அப்புறம் நீங்க உக்காந்திருக்கிறது ஃபோம் மேல இல்லை, பிளாஸ்டிக் மேல. பக்கவாட்டுல பிதுங்கி நிக்கிற ஃபோம், ரத்த ஓட்டமும் நரம்பும் இருக்கிற மெல்லிய இடங்களை வேற அமுக்கும். அதனால தூரப் பயணத்துக்குக் கொஞ்சம் கெட்டியான ஃபோம்தான் நண்பன். முதல் அஞ்சு நிமிஷம் திட்டுவீங்க, அஞ்சாவது மணி நேரத்துல கும்பிடுவீங்க.

இதை எல்லாம் நமக்கு முன்னாடியே அனுபவிச்சவங்க இருக்காங்க. அமெரிக்காவுல ஒரு பைக் சங்கம், பேரே 'அயர்ன் பட் அசோசியேஷன்'. தமிழ்ல மொழிபெயர்த்தா எடிட்டர் வெட்டிருவார்! அவங்க வைக்கிற ஆரம்பப் பரீட்சை, 24 மணி நேரத்துல 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர். அந்தப் பரீட்சைக்குப் பேர் 'சேடில் சோர்'... சேணப் புண்! இந்த மாதிரி ஆளுங்க சீட் மேல செம்மறியாட்டுத் தோலை விரிச்சு ஓட்டுறது உண்டு. ரோமத்துக்கு நடுவுல காத்து போகும், வேர்வை தங்காது. படுக்கைப் புண் வராம இருக்க ஆஸ்பத்திரிகள்லயும் அதே தோலைத்தான் விரிப்பாங்க. வீல்சேர்ல இருக்கிறவங்களுக்காக வந்த காத்தடைச்ச அறை அறையான குஷனும் பைக்குக்கு வந்திருக்கு. நம்ம ஊர் டாக்ஸி டிரைவர்கள் மரமணி கோத்த விரிப்பைப் போடுறாங்களே... சும்மா ஸ்டைலுக்கு இல்லை, காத்தோட்டம்!

எங்க மாவட்டத்துலயே பைக் செய்யறாங்க தெரியுமா? ஒரகடத்துல ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரி 2013-ல வந்துச்சு, வல்லம் வடகால்ல யமஹா இருக்கு. அந்தக் காலத்துப் புல்லட்டைப் பார்த்திருப்பீங்க, சீட்டுக்கு அடியில ரெண்டு ஸ்பிரிங்கோட தனியா ஒரு குதிரைச் சேணம். 2009-ல வந்த கிளாஸிக் மாடல்லகூட அந்த ஸ்பிரிங் சீட்டைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. பெருசுங்க சும்மா வைக்கலை. நிமிர்ந்து உக்காந்திருக்கிற நம்ம உடம்புக்கு மேலும் கீழுமான ஆட்டத்துல ரொம்ப வலிக்கிறது, நொடிக்கு நாலுல இருந்து எட்டு தடவை வர்ற மெதுவான குலுக்கல்தான். முதுகெலும்பு அந்தத் தாளத்துக்குச் சேர்ந்து ஆடும். கை மரத்துப்போறது வேற வியாதி, அது என்ஜினோட வேகமான நடுக்கம். ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

சரி, இவ்வளவும் படிச்சு நெட்டுரு போட்டுட்டு, அப்பாகிட்ட பெருமையா விளக்கினேன். அவர் தறிக்குழியில காலை விட்டு உக்காந்திருந்தார். தலையைத் தூக்காமயே கேட்டார்...

'நான் எவ்ளோ நேரம் உக்கார்றேன்?'

காலையில ஆறரைக்கு இறங்கினா சாப்பாட்டுக்கு ஒருமுறை, டீக்கு ரெண்டு முறை. பத்து மணி நேரத்துக்குக் குறையாது. முகூர்த்தப் புடவைன்னா வேலைப்பாட்டைப் பொறுத்து பத்து நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். நான் அசடு வழிஞ்சேன்.

'மெத்தை கேட்டா இடுப்பு போயிடும்டா. பலகைதான். ஆனா பலகையில சும்மா உக்காரக் கூடாது. மிதிக்கிறப்போ இந்தப் பக்கம், நாடா அடிக்கிறப்போ அந்தப் பக்கம்... உடம்பு போய்ட்டு வந்துட்டே இருக்கணும். நீ வண்டியில பொம்மை மாதிரி உக்காந்திருப்பே.'

அப்புறம் எழுந்து வந்து, ஸ்ப்ளெண்டர் சீட்டை உள்ளங்கையால ஒரு தடவு தடவினார். 'முன்பக்கம் சாய்ஞ்சிருக்கு பாரு. நீ டேங்க் மேல சறுக்குறே, திரும்பப் பின்னாடி வர்றே, திரும்பச் சறுக்குறே. தேயுறது வண்டி இல்லை, நீ.' பதினஞ்சு வருஷத்துக்கு மேல உக்காந்து உக்காந்து, ஃபோம் முன்பக்கம் அமுங்கிக் கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர் வேட்டியை நாலா மடிச்சு சீட்டோட முன்பக்கத்துக்கு அடியில வெச்சார். உக்காந்து பார்த்தேன். பாஸ், அரை இஞ்ச் உயரம்தான்... முதுகு தானா நிமிர்ந்துச்சு!

அடுத்து எலும்பு அளவு எடுக்கணும். இதுக்கு மெஷின் எல்லாம் வேணாம். சைக்கிள் ரேஸ்காரங்க செய்யற வித்தை ஒண்ணு இருக்கு. மடிப்பு மடிப்பா இருக்கிற அட்டைப் பெட்டியைப் பிரிச்சு, கல் பெஞ்ச் மேல போட்டு, முழங்காலைக் கொஞ்சம் தூக்கி ரெண்டு நிமிஷம் உக்காருங்க. எழுந்து பார்த்தா ரெண்டு பள்ளம் இருக்கும். நடுவுக்கு நடு அளந்தா அதுதான் உங்க அளவு. எனக்கு 11 சென்டிமீட்டர். எங்க வீட்ல அட்டைப் பெட்டிக்கா பஞ்சம்? புடவை போற பெட்டி ஒண்ணு பலியாச்சு.

சீட் தைக்கிற அண்ணன் ஒருத்தர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கார். அட்டையை நீட்டினதும் 'என்ன தம்பி, ஜாதகமா?'ன்னார். பழைய கவரைப் பிரிச்சு, பின்பக்கம் ஃபோமை அப்படியே விட்டுட்டு, நான் உக்கார்ற இடத்துல மட்டும் செவ்வகமா வெட்டி எடுத்தார். அடியில தூள் ஃபோமை ஒட்டிச் செய்யற கெட்டி ஃபோம், மேல ஒரு இஞ்ச் சாதா ஃபோம். முன்மூக்குல தொடை உரசுற ரெண்டு ஓரத்தையும் ஆக்ஸா பிளேடால சீவினார். எலும்பு உக்கார்ற இடத்தை அகலப்படுத்தினார். கவர் விஷயத்துல மட்டும் சண்டை. அவருக்கு நடுவுல டிசைன் தையல் போடணும், எனக்கு அந்த இடத்துல தையலே கூடாது. தையல்தானே ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கத்தியாகும்! (இதே காரணத்துக்காக ஜீன்ஸையும் தடிச்ச தையல் வெச்ச ஜட்டியையும் வீட்ல விட்டுட்டுப் போங்க. சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.) பளபள ரெக்சினுக்குப் பதிலா சறுக்காத சொரசொரப்பான ரெக்சின். எல்லாம் சேர்த்து 900 ரூபாய். ஜெல் பேடைவிட 550 கம்மி. அந்த ஜெல் பேட் இப்போ எங்க தெருப் பூனைகிட்ட இருக்கு, அது ராத்திரியில மட்டும் படுக்குது. அறிவாளி!

ஒரே மூச்சுல தனுஷ்கோடின்னு கிளம்பிடலை. முதல்ல வந்தவாசி வரைக்கும், அப்புறம் வேலூர் வரைக்கும் போய் வந்து, ரெண்டு தடவை அண்ணன்கிட்ட திரும்பப் போய்ச் சீவிக்கிட்டேன். 'இன்னும் ஒரு தடவை வந்தா உனக்கு இங்கேயே வேலை போட்டுக் கொடுத்துருவேன்'னார்.

பொங்கல் லீவுல மறுபடியும் செவிலிமேடு பாலம். இந்தத் தடவை அப்பா சொன்ன மாதிரி பொம்மையா உக்காரலை. பள்ளம் வந்தா ஃபுட்ரெஸ்ட் மேல பாரத்தைப் போட்டு லேசா எழுந்தேன். அம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி நடந்தேன், தாகம் எடுக்காமலே தண்ணி குடிச்சேன். வலியே இல்லைன்னு பீலா விடமாட்டேன். காரைக்குடியில இருந்தது. ஆனா அது வலி, மரமரப்பு இல்லை. பாம்பன் பாலத்துல வண்டியை மெதுவாக்கினோம். ஒருபக்கம் 1914-ல் கட்டின பழைய ரயில் பாலம், அதை ஒட்டி 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம். சாயங்காலம் அஞ்சரைக்கு அரிச்சல்முனை. ரெண்டு பக்கமும் கடல். அங்கே போய் நான் முதல்ல செஞ்சது என்ன தெரியுமா? கட்டைச்சுவர்ல உக்காந்தேன். சும்மா... உக்கார முடியுதான்னு பார்க்க!

கதை இதோட முடிஞ்சிருக்கணும். ஆனா சீட் அண்ணன் மிச்ச கெட்டி ஃபோம் துண்டு ஒண்ணைச் சும்மா கொடுத்திருந்தார். அப்பாவுக்கு ரெண்டு வருஷமா இடுப்பு வலி. 'ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்க'ன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்பா தலையாட்டிட்டு வந்து, அதே பலகையில உக்காந்தார். எழுந்து நடந்தா புடவை யார் நெய்யறது? ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு சீட்டுக்காக மூணு மாசம் அலைஞ்சேன்ல, அவர் ஆயுசுக்கும் உக்கார்ற பலகையை நான் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அதனால, அந்த ஃபோமை அளவா வெட்டி, பழைய பட்டுத் துணியில உறை போட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை பலகை மேல வெச்சேன்.

பத்து நிமிஷத்துல எடுத்து வெளியே போட்டுட்டார். 'முட்டி இடிக்குதுடா!' ரெண்டு இஞ்ச் உசந்ததும், நெய்த புடவையைச் சுத்துற கட்டையில அவர் முட்டி முட்டுது, மிதிக்குக் கால் எட்டலை. பைக்ல அரை இஞ்ச் என்ன பண்ணும்னு சொல்லிக்கொடுத்தவர் அவர்... நான் அளக்காம வெச்சிருக்கேன்!

சரி, பலகையையே அளப்போம்னு டார்ச்சை அடிச்சுப் பக்கவாட்டுல வெளிச்சம் விட்டுப் பார்த்தேன். ஆச்சரியம் பாஸ். பலகையில வழவழன்னு ரெண்டு பள்ளம். இத்தனை வருஷமா அவரோட எலும்பே செதுக்கியது! டேப் வெச்சேன், 12 சென்டிமீட்டர். அட்டைப் பெட்டியே தேவைப்படலை. அதனால இப்போ பலகைக்கு மேல எதையும் வைக்காம, அடியில இருக்கிற ரெண்டு செங்கல்ல ஒண்ணை எடுத்துட்டு, ஒல்லியா ஒரு மரச்சட்டமும் அதுக்கேத்த ஒரு இஞ்ச் ஃபோமும் போட்டிருக்கோம். மொத்த உயரம் பழைய உயரம்தான். மூணு வாரமா தூக்கிப் போடலை. 'பரவாயில்லை'ன்னார். எங்க வீட்ல அது டிஸ்டிங்ஷன்!

அளந்து முடிச்சு டார்ச்சை அணைக்கப் போறப்போதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. பலகையோட இடது ஓரத்துல, லேசா, இன்னும் ரெண்டு பள்ளம். அது அம்மாவோடது. ஓரத்துல கிடைச்ச இடத்துல ஒண்டிக்கிட்டே கரைக்கு நாடா போட்டிருக்காங்க. அதுல ஒரு பள்ளம் பலகையோட விளிம்புல, பாதிதான் இருக்கு.

'உனக்கு இடுப்பு வலிக்குமாம்மா?'ன்னு கேட்டேன். தார் சுத்திட்டு இருந்தவங்க நிமிர்ந்து பார்த்து, 'ஏன், இப்ப எதுக்குக் கேக்கறே?'ன்னாங்க.

நான் போய் அட்டைப் பெட்டியைத் தேடிட்டு வந்தேன்.